தேரோட்டத்தின் இயற்பியல்

கோயில் தேர் நிலையிலிருந்து புறப்படுவதும், வீதியில் உருள்வதும், மூலையில் திரும்புவதும், மீண்டும் நிலைக்கு வந்து நிற்பதும் இயற்பியலின் இயக்க விதிகளுக்கு உட்பட்டவையே. வேகம், விசை, நிலைமம், உராய்வு என்று பள்ளிப் பாடநூல்களில் தனித்தனியே வரும் கருத்துகள் அனைத்தையும் ஒரே தேரோட்டத்தில் கண்ணால் காணலாம். தூத்துக்குடி மாவட்டம் கழுகுமலையில் கழுகாசலமூர்த்தி கோயிலின் பங்குனி உத்திரத் திருவிழாவில் நடைபெறும் தேரோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது. ஓடும் பொருளை நிறுத்துவதற்கும், அதை ஓடச் செய்ததற்கு இணையான வேலை தேவைப்படுகிறது. அந்த வேலையை எது செய்கிறது, எவ்வளவு தொலைவுக்குள் செய்கிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. தேருக்குப் பொருந்தும் இந்த உண்மை, கோவில்பட்டிச் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

கீழே வரும் கணக்குகளில் தேரின் நிறை 40 டன், அதாவது 40,000 கிலோகிராம் என்று கொள்ளப்பட்டுள்ளது. இது கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண்ணே தவிர, எந்தக் குறிப்பிட்ட தேரின் எடையும் அன்று. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதற்குப் பதிலாக, எளிமைக்காக 10 மீட்டர்/விநாடி² என்று கொள்ளப்பட்டுள்ளது.

## தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம்

ஒரு பொருள் கடந்து வந்த பாதையின் நீளம் தொலைவு எனப்படும். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை உள்ள நேர்கோட்டு நீளம், திசையுடன் சேர்த்துச் சொல்லப்படும்போது இடப்பெயர்ச்சி ஆகும். தேர் வீதிகளைச் சுற்றி வந்து புறப்பட்ட நிலையிலேயே நிற்கிறது. ஆகவே அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தாலும் அதன் இடப்பெயர்ச்சி சுழியே.

தொலைவை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். வீதிகளின் மொத்த நீளம் 1.2 கிலோமீட்டர் என்றும், தேர் நிலைக்கு வர 3 மணி நேரம் ஆனது என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 0.4 கிலோமீட்டர். ஆனால் தேர் உருளும்போது பார்த்தால் அது விநாடிக்கு அரை மீட்டர், அதாவது மணிக்கு 1.8 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அந்த வேகத்திலேயே நிற்காமல் சென்றிருந்தால் 40 நிமிடத்தில் நிலைக்கு வந்திருக்கும். மீதி 2 மணி 20 நிமிடமும் தேர் நின்றுகொண்டிருந்தது என்று பொருள். ஒரு குறிப்பிட்ட நொடியில் உள்ள வேகமும் சராசரி வேகமும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

## வடத்தை விட்டால் தேர் ஏன் நிற்கிறது?

வடத்தை இழுக்கும்வரை தேர் ஓடுகிறது. இழுப்பதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. இதைப் பார்ப்பவர் எவருக்கும், இயக்கம் நீடிக்க விசை தேவை என்றே தோன்றும். பண்டைய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கருதினார். இன்றும் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதுண்டு.

இத்தாலியின் கலிலியோ (1564–1642) இதை மறுத்தார். வழவழப்பான தளத்தில் உருளும் பந்து, தளத்தின் தடை குறையக் குறைய மேலும் மேலும் தொலைவு செல்கிறது. தடையே இல்லையென்றால் நிற்க வேண்டிய காரணமே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. 1687-இல் வெளிவந்த தமது பிரின்சிப்பியா நூலில் நியூட்டன் இதை முதல் விதியாக அமைத்தார். புறவிசை செயல்படாதவரை, ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும். பொருளின் இப்பண்பு நிலைமம் எனப்படும். நிறை கூடினால் நிலைமமும் கூடும்.

அப்படியானால் தேரை நிறுத்துவது எது? சக்கரம் தரையில் அழுந்தி உருளும்போது ஏற்படும் தடையும், அச்சில் ஏற்படும் உராய்வும்தான். இவை எப்போதும் ஓட்டத்திற்கு எதிர்த்திசையில் செயல்படுகின்றன. தேர் சீரான வேகத்தில் உருளும்போது, இழுப்பவர்களின் விசை இந்தத் தடையை ஈடுகட்டுவதற்கு மட்டுமே செலவாகிறது. அப்போது தேரின் மீதுள்ள மொத்த விசை சுழி. விசை இயக்கத்திற்குக் காரணமன்று. இயக்கத்தில் ஏற்படும் மாற்றத்திற்கே காரணம்.

## புறப்படுதல்

தேரோட்டத்தில் அதிகப் பாடுபட வேண்டிய நேரம் தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரம். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, நின்றிருக்கும் பொருளை நகர்த்தும்போது எழும் தடை, அது நகரத் தொடங்கிய பின் உள்ள தடையைவிட அதிகம். பல நாள்கள் ஒரே இடத்தில் நின்ற சக்கரம் தரையில் சற்றே பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து அது ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் காட்டில் பதிந்த மாட்டுவண்டியைத் தள்ளியவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாவது, ஓய்விலிருக்கும் தேருக்கு வேகம் கொடுக்க வேண்டும். இங்கே நியூட்டனின் இரண்டாம் விதி செயல்படுகிறது.

விசை = நிறை × முடுக்கம்

கணக்கைப் பார்ப்போம். தேரின் எடை 40,000 × 10 = 4,00,000 நியூட்டன். உருளும்போது உள்ள தடை எடையில் நூற்றுக்கு 3 பங்கு என்று கொண்டால் 12,000 நியூட்டன். புறப்படும்போது அது நூற்றுக்கு 5 பங்கு என்று கொண்டால் 20,000 நியூட்டன். தேர் 5 விநாடிகளில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தை அடைய வேண்டுமானால் முடுக்கம் 0.1 மீட்டர்/விநாடி². அதற்கான விசை 40,000 × 0.1 = 4,000 நியூட்டன். ஆகப் புறப்படும்போது தேவைப்படும் விசை 24,000 நியூட்டன். ஒருவர் 150 நியூட்டன் விசையுடன் இழுப்பதாகக் கொண்டால், ஓடும் தேருக்கு 80 பேர் போதும். கிளம்பும் தேருக்கு 160 பேர் வேண்டும்.

இந்தக் கூடுதல் விசையை இரண்டு வழிகளில் பெறுகிறார்கள். ஒன்று, எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பது. 160 பேரில் பாதிப் பேர் ஒரு நொடி முந்தியும் மீதிப் பேர் பிந்தியும் இழுத்தால் எந்த நொடியிலும் 12,000 நியூட்டனே கிடைக்கும்; தேர் அசையாது. ‘அரோகரா’ என்று எழும் ஒரே குரல் பக்தியின் வெளிப்பாடு. விசைகள் ஒன்றுசேரும் நேரத்தைக் குறிக்கும் அடையாளமாகவும் அது அமைந்துவிடுகிறது.

மற்றொன்று, பின் சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புவது. நெல்லைப் பக்கம் இதைத் தடி போடுதல் என்பார்கள். இது நெம்புகோலே. மரத்தின் நீளம் ஊன்றுபுள்ளியிலிருந்து ஒருபுறம் 4 மீட்டர், சக்கரத்தின் பக்கம் 40 சென்டிமீட்டர் என்றால் விசை பத்து மடங்காகும். ஐந்து பேர் ஆளுக்கு 300 நியூட்டன் அழுத்தினால் சக்கரத்தில் 15,000 நியூட்டன் விசை கிடைக்கும். அதாவது ஐந்து பேர் நூறு பேரின் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் மரத்தின் நுனியைப் பத்து சென்டிமீட்டர் அழுத்தினால் சக்கரம் ஒரு சென்டிமீட்டரே நகரும். விசையில் கிடைத்த இலாபம் தொலைவில் கழிந்துவிடும். எனவேதான் கிளம்பும் நேரத்திற்கு மட்டும் நெம்புகிறார்கள். மற்ற நேரம் வடம் போதும்.

## வடமும் மூன்றாம் விதியும்

நாம் வடத்தை முன்னே இழுத்தால் வடம் நம்மைப் பின்னே இழுக்கிறது. இரண்டு விசைகளும் சமம். எதிரெதிர்த் திசையில் உள்ளவை. இது நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படியிருந்தும் தேர் எப்படி நகர்கிறது என்ற கேள்வி வகுப்பறையில் தவறாமல் எழும். அந்த இரு விசைகளும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன என்பதே விடை. ஒரே பொருளின் மீது செயல்படும் விசைகளே ஒன்றையொன்று ஈடுசெய்ய முடியும்.

இழுப்பவர் காலால் தரையைப் பின்னோக்கி உந்துகிறார். தரை அவரை முன்னோக்கி உந்துகிறது. காலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு எவ்வளவோ அவ்வளவுதான் அவரால் இழுக்க முடியும். தண்ணீர் தெளித்த வழவழப்பான இடத்தில் எவ்வளவு பலசாலியும் வழுக்குவார்.

வடம் தாங்கும் விசைக்கும் ஓர் எல்லை உண்டு. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் தேர் சுமார் 450 டன் எடை கொண்டதாகக் கூறப்படுகிறது. 2024 ஜூன் மாதம் நடைபெற்ற ஆனித் தேரோட்டத்தில் அதன் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. தேர் அசையாமல் நிற்கும்போது மேலும் மேலும் இழுத்தால், அந்த விசை முழுவதும் வடத்தில் இழுவிசையாகச் சேர்கிறது. வடம் அறுந்தால், பின்னோக்கிய இழுப்பு ஒரே நொடியில் மறைந்து, இழுத்தவர்கள் முன்னோக்கி விழுவார்கள். அறுந்த முனையும் விசையுடன் சுண்டும். இரு வடங்களில் ஒன்று மட்டும் அறுந்தால், மற்றது தேரை ஒரு பக்கமாக இழுக்கும்.

## திரும்புதலும் சாயாமையும்

தேரின் சக்கரங்கள் கார்ச் சக்கரங்களைப் போலத் திசை திரும்புவதில்லை. மூலையில் ஒரு பக்கச் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்துத் தடுத்து, வடத்தைத் திரும்ப வேண்டிய திசையில் இழுக்கிறார்கள். தடுக்கப்பட்ட சக்கரம் ஊன்றுபுள்ளியாக, மறுபக்கம் சுற்றி வருகிறது. விசையையும், ஊன்றுபுள்ளியிலிருந்து அதன் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். இங்கே தேரைத் திருப்புவது அதுவே.

உயரமான தேர் சாயாமல் இருப்பதற்குக் காரணம் அதன் எடை பரவியுள்ள முறை. சிற்பங்கள் நிறைந்த கனமான மரவேலை கீழே இருக்கிறது. மேலே தெரியும் அலங்காரத்தின் பெரும்பகுதி மூங்கிலும் தேர்ச்சீலையும்தான். இதனால் ஈர்ப்பு மையம் தாழ்வாக அமைகிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக்கோடு சக்கரங்களுக்கு இடையில் விழும்வரை தேர் கவிழாது. ஆயினும் வீதியில் பள்ளம் இருந்தால் அது பெரிதாகத் தெரியும். இரு பக்கச் சக்கரங்களின் இடைவெளி 4 மீட்டர் என்றால், ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் இறங்கியதும் 12 மீட்டர் உயரத்திலுள்ள உச்சி 90 சென்டிமீட்டர் சாயும். தேரோட்டத்திற்கு முன் வீதியைச் செப்பனிடுவதன் தேவை இதனால் விளங்கும்.

## நிறுத்துதல்

இயங்கும் பொருளிடம் உள்ள ஆற்றல் இயக்க ஆற்றல் எனப்படும்.

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம்

விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உருளும் நம் தேரின் இயக்க ஆற்றல் 5,000 ஜூல். சமதளத்தில் எல்லாரும் வடத்தை விட்டுவிட்டால், 12,000 நியூட்டன் தடை அதை அரை மீட்டருக்குள் நிறுத்திவிடும். அரிஸ்டாட்டிலுக்குத் தோன்றியதும் இதுபோன்ற காட்சிகளால்தான்.

ஆனால் வீதி சரிவாக இருந்தால் நிலை மாறுகிறது. 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சரிவில், எடையின் ஒரு பகுதியாக 12,000 நியூட்டன் விசை தேரைக் கீழ்நோக்கி இழுக்கும். தடையும் அதே அளவு. வடம் தொய்ந்தாலும் தேர் நிற்காது. வந்த வேகத்திலேயே வரும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில் இழுப்பு 20,000 நியூட்டன். தடை போக மிஞ்சும் 8,000 நியூட்டன் தேரை முடுக்கும். எட்டு விநாடிக்குள் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டிவிடும். இவ்வளவு சிறிய சரிவு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. தேருக்கு முன்னால் வடம் பிடித்த கூட்டம் இருக்கிறது. விலகவும் இடம் இருக்காது.

இங்கேதான் முட்டுக்கட்டை போடுபவரின் பணி வருகிறது. சக்கரம் கட்டையின் மேல் ஏறும்போது தேர் உயர வேண்டும். அதன் இயக்க ஆற்றல் அந்த ஏற்றத்தில் செலவாகிறது. விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும் தேர் முழுவதும் 1.25 சென்டிமீட்டர் உயர்ந்தாலே அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். முன் சக்கரங்கள் மட்டும் ஏறினால் ஏறக்குறைய இருமடங்கு உயரம் தேவைப்படும். ஆகவே கைக்கடக்கமான ஒரு கட்டை போதும். ஆனால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் தேருக்கு 20 சென்டிமீட்டர் ஏற்றம் வேண்டும். முன் சக்கரங்கள் மட்டுமானால் 40 சென்டிமீட்டர். வேகம் நான்கு மடங்கானால் தேவை பதினாறு மடங்காகிறது. அப்போது கட்டை நசுங்கும் அல்லது வழுக்கி ஓடும். சக்கரத்தருகே குனிந்திருப்பவரின் உயிருக்கு ஆபத்து. முட்டுக்கட்டையை வேகம் பிடிக்கும் முன்பே போட வேண்டும் என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறை. அதற்கான காரணம் இந்த இருமடிப் பெருக்கமே.

திருவாரூர் ஆழித்தேர் உள்ளிட்ட தேர்களுக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்கள், அச்சுகள், நீரியல் தடைகள் ஆகியவற்றைச் செய்து கொடுத்தது. இரும்புச் சக்கரம் எளிதாக உருளும், இழுப்பது சுலபம். அதே காரணத்தால் தானாக நிற்பது குறையும். எனவே சக்கரத்தை மாற்றும்போது தடையும் சேர்த்துப் பொருத்த வேண்டியதாயிற்று.

## தேரும் மோட்டார் சைக்கிளும்

தேர் வரும்போது எல்லாரும் ஒதுங்கி நிற்கிறோம். இனி, ஓட்டுபவருடன் 200 கிலோகிராம் நிறையுள்ள மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அது மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் சென்றால் இயக்க ஆற்றல் சுமார் 27,800 ஜூல். வீதியில் உருளும் 40 டன் தேரின் ஆற்றலைப் போல் ஐந்தரை மடங்கு! நிறை இருநூறில் ஒரு பங்குதான். ஆனால் வேகம் இருமடியாகக் கணக்கில் வருகிறது.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை சுமார் 20 கிலோமீட்டர். வெவ்வேறு சராசரி வேகங்களில் இந்தப் பயணத்தைக் கீழுள்ள அட்டவணை ஒப்பிடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் எதிர்முடுக்கம் 5 மீட்டர்/விநாடி² என்றும் கொள்ளப்பட்டுள்ளது.

| வேகம் (கி.மீ./மணி) | பயண நேரம் | பிரேக் பிடிக்கும் முன் ஓடுவது | பிரேக் பிடித்த பின் ஓடுவது | மொத்தம் |
|---|---|---|---|---|
| 40 | 30 நிமிடம் | 11 மீ. | 12 மீ. | 23 மீ. |
| 60 | 20 நிமிடம் | 17 மீ. | 28 மீ. | 45 மீ. |
| 80 | 15 நிமிடம் | 22 மீ. | 49 மீ. | 71 மீ. |

40-இலிருந்து 60-க்குப் போனால் 10 நிமிடம் மிச்சம். 60-இலிருந்து 80-க்குப் போனால் 5 நிமிடமே மிச்சம். ஆனால் நிற்கத் தேவையான தொலைவு 26 மீட்டர் கூடுகிறது. வேகம் கூடக் கூட இலாபம் சுருங்குகிறது, ஆபத்து விரிகிறது.

கரிசல் பகுதியில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டிலிருந்து ஏறும் டிராக்டர்களின் சக்கரங்கள் கரிசல் சேற்றைச் சாலையில் இழுத்து வருகின்றன. நனைந்த களிமண் எண்ணெய் போல் வழுக்கும். எதிர்முடுக்கம் பாதியாகக் குறைந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த பின் ஓடும் 28 மீட்டர் 56 மீட்டராகிவிடும். பிரேக் எவ்வளவு நல்லதாயினும் இதை மாற்ற முடியாது. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது சாலையின் உராய்வு.

பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றல் அழிவதில்லை, வெப்பமாக மாறுகிறது. கோவில்பட்டித் தீப்பெட்டியில் குச்சியை உரசும்போது தீப்பற்றுவதற்கும் முதற்காரணம் உராய்வினால் எழும் வெப்பமே.

## உளியும் தலைக்கவசமும்

இயக்க ஆற்றல் = விசை × நிற்பதற்குள் கடக்கும் தொலைவு என்பதை வைத்துப் பார்த்தால், நிற்கும் தொலைவு குறையக் குறைய விசை பெருகும் என்பது தெரியும். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இதற்குச் சான்று. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, முற்றுப்பெறாமல் நின்ற கோயில் அது. ஒரு கிலோகிராம் சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் உளியில் விழுந்தால் அதன் ஆற்றல் 12.5 ஜூல் மட்டுமே. ஆனால் அது ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் சராசரி விசை 12,500 நியூட்டன். உளியின் கூரிய நுனியில் அது குவியும்போது பாறை உடைகிறது.

சிற்பிக்கு உதவிய அதே விதி, சாலையில் விழும் தலைக்குப் பகையாகிறது. நின்ற நிலையில் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதினாலே வேகம் விநாடிக்கு 6 மீட்டர். தலையின் நிறை 5 கிலோகிராம் என்றால் ஆற்றல் 90 ஜூல். வெறுந்தலை 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் விசை 45,000 நியூட்டன். தலைக்கவசத்தின் உள்ளே உள்ள தெர்மாகோல் அடுக்கு நசுங்கி அத்தொலைவை 2 சென்டிமீட்டராக்கினால் விசை 4,500 நியூட்டன். பத்தில் ஒரு பங்கு. தலைக்கவசத்தின் கடினமான மேலோட்டைவிட உள்ளடுக்கே உயிர் காக்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக மோதிய கவசத்தின் உள்ளடுக்கு நசுங்கியிருக்கும். அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. தாடைப்பட்டை மாட்டாத கவசம் மோதலுக்கு முன்பே கழன்றுவிடும்.

## தொகுப்பு

விசை இயக்கத்தைத் தருவதில்லை; இயக்கத்தை மாற்றுகிறது. தேரைக் கிளப்புவதும் மாற்றம், திருப்புவதும் மாற்றம், நிறுத்துவதும் மாற்றம்தான். தேரோட்டத்தில் நிறுத்துவதற்கென்றே தனியாக ஆள்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கட்டையுடன் நடந்து வருகிறார்கள். மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடப் போகாத தேருக்கு இத்தனை ஏற்பாடு. அதைப்போல ஐந்தரை மடங்கு ஆற்றலுடன் சாலையில் செல்பவருக்கு முட்டுக்கட்டை போட எவரும் உடன் வருவதில்லை. முன்னால் விடும் இடைவெளி, குறைத்த வேகம், மாட்டிய தலைக்கவசம் ஆகிய மூன்றும்தான் அவருக்கு முட்டுக்கட்டை.